எங்கள் ஊரில் அப்படிச் செய்வதில்லை

1

சரவணன் பொய் சொன்னான்.

விளாங்குடியில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் ஐந்து வருஷம் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவன் அவன். சொந்த ஊர் பரவை. நான் பெயரைச் சொல்லி, விண்ணப்பத்தை வாங்கி, மேலே கொடுத்து, இந்த ஜெர்மன் கம்பெனிக்கு வரவைத்தவன். போன மாதம் கதவைச் சாத்திய ஓர் அறையில், மூன்று பேர் முன்னால், என்னைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். "எங்கள் ஊரில் அப்படிச் செய்வதில்லை." ஜெர்மனில் சொன்னான். இலக்கணப் பிழை இல்லாமல் சொன்னான்.

அந்த வாக்கியத்தால் என் வேலை கையை விட்டுப் போகிற நிலையில் இருக்கிறது. இங்கே வேலை போனால் வேலை மட்டும் போகாது. நானும் என் வீட்டுக்காரரும் மகளும் இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதி என் வேலையில்தான் தொங்குகிறது.

இதை எழுத வைத்தது ஒரு பூங்கொத்து. இந்தத் திங்கட்கிழமையோடு நான் இங்கே சேர்ந்து ஐந்து வருஷம். காலையில் போனபோது மேஜையில் பூங்கொத்தும் ஓர் அட்டையும் இருந்தன. குழுவில் எல்லோரும் அட்டையில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஜெர்மன் எழுத்துகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் தமிழ். "வாழ்த்துகள் அக்கா. அன்புடன் சரவணன்." பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகம் வேறு வரைந்திருந்தான். அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

மதுரையில் பேனர், அச்சு, டிசைன் தொழிலில் இருக்கிறவர்கள் படிக்கிற இதழ் இது. வெளிநாட்டில் டிசைனர் வாழ்க்கை எப்படி என்று எழுதச் சொல்லி ஆசிரியர் ரொம்ப நாளாகக் கேட்டார். பனி, ரயில், ரொட்டி என்று எழுதுவேன் என்று நினைத்திருப்பார். என்னால் இதைத்தான் எழுத முடிகிறது.

2

எங்கள் கடை திண்டுக்கல் ரோட்டில், ஒரு மாடிப்படிக்குக் கீழே. மூன்று சிஸ்டம். நான், சரவணன், முத்துலட்சுமி. மூன்று பேருக்கும் மூன்று குணம். அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு எந்தப் பரீட்சையும் தேவைப்படவில்லை. ஒரு முகூர்த்த வாரம் போதும்.

சரவணன் யாருக்கும் இல்லை என்று சொல்ல மாட்டான். வாடிக்கையாளர் வானத்தை மஞ்சளாக்கச் சொன்னாலும் "பண்ணிரலாம்ணே" என்பான். முத்துலட்சுமி பேச மாட்டாள். ஸ்கேலை எடுத்து மானிட்டர் கண்ணாடியில் வைத்து அளப்பாள். கணினியே அளவு காட்டும்போது எதுக்கு ஸ்கேல் என்று கேட்டால் பதில் வராது. நான் வேகம். எனக்குக் காத்திருக்க வராது. ஒருத்தர் பைய யோசிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எனக்குக் கை அரிக்கும்.

ஒரு காதுகுத்து பேனர் ஞாபகம் இருக்கிறது. திருமங்கலம் பக்கத்திலிருந்து பிள்ளையின் அப்பாவே நேரில் வந்திருந்தார். தொழிலில் இருக்கிற உங்களுக்குத் தெரியும், பேனரில் எழுத்தை யாரும் படிப்பதில்லை. யார் தலை எம்புட்டுப் பெருசு என்றுதான் பார்ப்பார்கள்.

"ஏப்பா, எம் மச்சான் தலை ஏன் இம்புட்டுச் சிறுசா இருக்கு? பிள்ளைக்குத் தாய்மாமன்ப்பா அவரு. மடியில வச்சுக் காது குத்தப்போறதே அவருதான்."

"பெருசு பண்ணிரலாம்ணே," என்றான் சரவணன்.

"அப்ப எங்க அண்ணன்? அவரு கோவிச்சுக்கிருவாரு."

"அவரையும் பெருசு பண்ணிரலாம்ணே."

கால் மணி நேரம் இப்படியே போனது. இரண்டு தலையும் மாறி மாறி வளர்ந்தன. கடைசியில் முத்துலட்சுமி தன் இடத்திலிருந்து எட்டிப் பார்த்து, "பிள்ளையக் காணோமே," என்றாள். உண்மைதான். காது குத்துகிற பிள்ளை கீழே மூலையில் பொட்டு மாதிரி கிடந்தது.

"மவுஸக் குடு," என்றேன் நான். சொல்லும்போதே அவன் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன். பிள்ளையை நடுவில் கொண்டுவந்தேன், இரண்டு பெரியவர்களையும் இரண்டு பக்கம் வைத்தேன். முத்துலட்சுமி ஸ்கேலோடு வந்து அளந்தாள். "அண்ணன்காரருக்கு ரெண்டு மில்லி கூட இருக்குக்கா." குறைத்தேன். பத்து நிமிஷத்தில் முடிந்தது.

"இந்தத் தாயி கையி நல்ல வெரசு," என்று சொல்லிவிட்டுப் போனார் அவர்.

"எங்க அக்கா மாதிரி வருமாண்ணே," என்றான் சரவணன். அவன் முகத்தில் எந்த வருத்தமும் இல்லை. இல்லை என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

இதுதான் எங்கள் வேலை. அவன் வாடிக்கையாளரைப் பிடித்து உட்காரவைப்பான், அவள் பிழையைப் பிடிப்பாள், நான் முடிப்பேன். அந்தக் கடையில் மவுஸ் யாருக்கும் சொந்தம் இல்லை. அவசரம் யாருக்கோ அவர் கையில் மவுஸ். நான் சேர்ந்த புதிதில் ஓனர் அண்ணன் என் கையிலிருந்து பிடுங்கியிருக்கிறார். சண்டையும் வரும். நாயே பேயே வரைக்கும் போகும். அதை முடிக்கவும் ஒரு வழி இருந்தது. யாராவது ஒருத்தர், "சரி விடு, தப்பு எம் மேலதான்," என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னவர் மேல்தான் தப்பு என்று அர்த்தம் இல்லை. இதோடு நிறுத்திக்கொள்வோம் என்று அர்த்தம். டீ வரும். அதற்கப்புறம் அதைப் பேசக்கூடாது.

3

விளாங்குடியிலிருந்து பெங்களூருக்கு, பெங்களூரிலிருந்து இங்கே. ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். பிஸ்கட், சூப், நாய்த் தீனி, எல்லாவற்றுக்கும் அட்டைப்பெட்டி டிசைன் செய்கிற கம்பெனி. குழுவில் ஆறு பேர்.

இங்கே ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. அடுத்தவர் ஃபைலில் கை வைக்கக்கூடாது. குறிப்பு எழுதி ஒட்டலாம். அதையும் "இந்தச் சிவப்பு மட்டமாக இருக்கிறது" என்று எழுதக்கூடாது. "இந்தச் சிவப்பைப் பற்றி இன்னொரு முறை யோசித்துப் பார்க்க வாய்ப்பு உண்டா" என்று எழுத வேண்டும். சரவணன் வந்து சேர்ந்த முதல் வருஷம் முழுக்க என் குறிப்புகளை அவனிடம் கொடுத்து மெதுவாக்கி வாங்கினேன். அதில் அவன் கெட்டிக்காரன்.

டோபியாஸ் எனக்கு எதிர் மேஜை. மெலிந்த மனிதர், சத்தமாகத் தும்மக்கூட மாட்டார். ஒரு பெட்டிக்கு எழுத்து வைத்தால் எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அரை நாள் பார்ப்பார். அவரை மட்டமாகச் சொல்ல மாட்டேன். ஒரு தடவை நான் முடித்த பெட்டியில், சேர்மானப் பட்டியலில் ஒரு கொட்டை விட்டுப்போனதைக் கண்டுபிடித்தார். அது அச்சாகி வெளியே போயிருந்தால், ஒவ்வாமை உள்ள ஏதோ ஒரு பிள்ளை அதைத் தின்றிருக்கும். அன்றைக்கு அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என் மேஜைக்கு வந்து, தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

போன மார்கழிக்கு முன்னால், பண்டிகை பிஸ்கட் பெட்டி. அச்சகத்தில் இயந்திரம் காத்திருக்கிறது. ஃபைல் டோபியாஸுடையது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்க்க என்னை அனுப்பியிருந்தார்கள். அவர் ஓர் எழுத்தை இடது பக்கம் தள்ளினார். பார்த்தார். வலது பக்கம் தள்ளினார். பார்த்தார். அச்சகத்திலிருந்து மூன்றாவது தடவை போன் வந்தது. மறுபடியும் இடது பக்கம்.

என் கை போய்விட்டது. அவர் கைக்குக் கீழே இருந்த மவுஸை உருவி, எழுத்தை நகர்த்தி, சேமித்து, அனுப்பிவிட்டேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் தன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "டாங்கே," என்றார். நன்றி என்று அர்த்தம். நான் நன்றி என்றே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. ஒன்றரைப் பக்கம். என்ன கிழமை, என்ன நேரம், எந்தக் கை. "என் வேலைக் கருவி என் உடலிலிருந்து அகற்றப்பட்டது" என்று ஒரு வாக்கியம். அதைப் படித்து எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிரதி யார் யாருக்குப் போயிருக்கிறது என்று பார்த்ததும் நின்றுவிட்டது.

நான் என்ன செய்தேன்? நம் ஊர் வழக்கப்படி முடித்துவைக்கப் பார்த்தேன். எல்லோருக்கும் பதில் எழுதினேன். "எஸ் இஸ்ட் மைன ஷுல்ட்." தப்பு என் மேல்தான், விடுங்கள் என்று நினைத்து எழுதினேன். இங்கே அப்படிச் சொன்னால் பேச்சு முடிவதில்லை. ஷுல்ட் என்றால் இங்கே குற்றம். என் கையெழுத்தோடு அதை என் கோப்பில் வைத்தார்கள். மேலே ஒரு தலைப்பும் போட்டார்கள்: சம்பவம் ஒப்புக்கொள்ளப்பட்டது.

4

பிறகு குழுவைச் சரிசெய்ய ஒரு பெண்ணை வெளியிலிருந்து கூட்டிவந்தார்கள். ஒரு நாள் வகுப்பு. முன்கூட்டியே கேள்வித்தாள் அனுப்பினார்கள். "மனதில் பட்டதை உடனே சொல்லிவிடுவேன்." எப்போதும், அடிக்கடி, எப்போதாவது, இல்லவே இல்லை. நான் எப்போதும் என்று போட்டேன். "அடுத்தவர் தாமதம் என்னைப் பொறுமை இழக்கச் செய்யும்." எப்போதும். எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

மனிதர்கள் நான்கு பருவமாம். நான் கோடை. சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சிவப்பு வட்டம் கொடுத்தார்கள். டோபியாஸ் குளிர்காலம், நீலம். சரவணன் வசந்தம். அவன் பச்சை வட்டத்தைக் குத்தியதும் எல்லோரும் கை தட்டினார்கள். குழுவுக்கு ஒரு வசந்தம் கிடைப்பது அபூர்வமாம். கோடைக்காரர்கள் சக்தி மிக்கவர்கள், ஆனால் நிழல் தரக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

திரும்பும்போது டிராமில் நானும் சரவணனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

"ஏன்டா, உனக்கு எப்படிடா வசந்தம் வந்துச்சு? கரண்டு போயி ஃபைலு அழிஞ்சா நீ கத்துற கத்து பரவை மார்க்கெட் வரைக்கும் கேக்கும்."

"அக்கா, அதுல போயி யாராச்சும் உண்மைய எழுதுவாகளா?"

"பின்ன என்னத்த எழுதுன?"

"அவுகளுக்கு எப்படி ஆளு வேணுமோ அதை எழுதுனேன். கேள்வியப் பாத்தாலே தெரியுதுல்ல, எந்தப் பதிலு வேணும்னு. கஸ்டமர் மொகத்தப் பாக்குற மாதிரிதான்."

"நான் உள்ளதத்தானடா எழுதுனேன்."

"நீங்க இன்னும் விளாங்குடிலயே இருக்கீங்கக்கா."

"அப்ப நீ எங்கடா இருக்க?"

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். "எங்கிட்டாச்சும் இருந்துட்டுப் போறேன், விடுங்க," என்றான்.

அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கேள்வித்தாள் எழுதி, ஆளை அளந்து, நிறம் கொடுத்து, இவர்கள் கண்டுபிடித்தது அவன் குணத்தை இல்லை. அவன் எம்புட்டு நன்றாக அடுத்தவர் மனதைப் படிப்பான் என்பதை. அது விளாங்குடியிலேயே எங்களுக்குத் தெரியும். அங்கே அதற்குப் பெயர் பண்ணிரலாம்ணே.

5

கூட்டம் ஒரு வியாழக்கிழமை. பணியாளர் பிரிவிலிருந்து பிர்கிட் என்ற அம்மா, எங்கள் குழுத் தலைவர், டோபியாஸ். எதிரே நான். சரவணனை நடுவில் கூப்பிட்டார்கள், எங்கள் ஊர்க்காரன், என்னோடு வேலை பார்த்தவன் என்பதால்.

பிர்கிட் நியாயமாகத்தான் பேசினார். எனக்கு விளக்கமாகச் சொன்னார். இரண்டு வழி இருக்கிறதாம். நான் செய்தது எங்கள் ஊர்ப் பழக்கம் என்றால், இங்கத்திய முறையைச் சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்சி உண்டு, நான் குழுவிலேயே இருக்கலாம். பழக்கம் இல்லை, என் தனிப்பட்ட குணம் என்றால், பயிற்சி உதவாது. வேறு இடம் பார்க்க வேண்டும்.

நான் பழக்கம் என்று சொன்னேன். கடையைப் பற்றிச் சொன்னேன். காதுகுத்துக்கு ஜெர்மனில் வார்த்தை தெரியாமல் கையால் காதைக் காட்டிச் சொன்னேன். டோபியாஸ் கவனமாகக் கேட்டார். அவர் முகத்தில் ஏதோ இளகியதைப் பார்த்தேன்.

பிர்கிட் சரவணன் பக்கம் திரும்பினார். உங்கள் ஊரில் ஒரு டிசைனர் இன்னொருவர் கையிலிருந்து மவுஸை எடுத்துக்கொள்வது வழக்கமா?

அவன் என்னைப் பார்க்கவில்லை. சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டான். "பை உன்ஸ் மாக்ட் மன் தாஸ் நிஷ்ட்," என்றான். எங்கள் ஊரில் அப்படிச் செய்வதில்லை.

அவ்வளவுதான். நன்றி சொல்லி அவனை அனுப்பிவிட்டார்கள்.

நான்கு நாளில் கடிதம். குழுப்பணிக்கு ஆளுமைப் பொருத்தம் இல்லை. ஆகவே என்னைத் தரவு மேஜைக்கு மாற்றுகிறார்கள். பார்கோடு, சேர்மானப் பட்டியல், எடை, இவற்றை ஒவ்வொரு நாட்டு மொழியிலும் சரியான கட்டத்தில் ஒட்டுகிற வேலை. தனி அறை. டிசைன் கிடையாது. மாதக் கடைசிக்குள் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் ஒப்பந்தம் முடிவுக்கு வரும்.

கையெழுத்துப் போட்டுத் தொலைக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் நினைத்தேன். கடிதத்தை எடுத்துக்கொண்டு அயல்நாட்டவர் அலுவலகத்துக்குப் போனேன். டோக்கன் வாங்கி, அதிகாரியின் முன்னால் உட்கார்ந்தேன். அவர் என் அனுமதி அட்டையைத் திருப்பிப் பார்த்தார். இந்த அனுமதி டிசைனர் வேலைக்குக் கொடுத்தது, புது வேலை டிசைனர் வேலையா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், முடிவு என்னவாகும் என்று இப்போது சொல்ல இயலாது என்றார். நிரந்தர அனுமதிக்குப் போட்டிருந்தால் இந்தச் சிக்கல் இல்லையே என்று அவரே வருத்தப்பட்டார். அதற்கு விண்ணப்பிக்க மொழித் தேர்வில் தேற வேண்டும். எழுத்துப் பகுதியில் இரண்டு தடவை தோற்றவள் நான். இரண்டாவது தடவை கேள்வியே புகார்க் கடிதம் எழுதுவதுதான். என் கடிதம் அளவுக்கு மீறிக் கடுமையாக இருக்கிறது என்று மதிப்பெண் குறைத்திருந்தார்கள்.

கையெழுத்துப் போட்டால் அனுமதி சந்தேகம். போடாவிட்டால் வேலை இல்லை, அனுமதியும் இல்லை. குழுவில் இருக்க வேண்டும் என்றால் அது என் குணம் இல்லை, ஊர்ப் பழக்கம்தான் என்று யாராவது எழுதித் தர வேண்டும். இப்படி மூன்று பக்கமும் அடைத்து வைத்திருக்கிறார்கள், அதில் ஒருவர்கூட என்னிடம் குரலை உயர்த்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

6

வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் அங்கே சைட் இன்ஜினியர். இங்கே அவர் படிப்பு செல்லாது, கிடங்கில் பெட்டி அடுக்குகிறார்.

"பேசாம மண்டைய ஆட்டிட்டு இரு கலா," என்றார். "பார்கோடுன்னா பார்கோடு. நானும் பெட்டிதான் அடுக்குறேன். செத்தா போயிட்டேன்?"

"உங்களுக்கு வருத்தமே இல்லையா?"

"வருத்தப்பட்டா மட்டும் பெட்டி நடந்து போயி அடுக்கிக்கிருமா?"



என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஏழு வயதில் வந்தாள். கம்பெனிக் கடிதம் எல்லாவற்றையும் அவள்தான் எனக்குப் படித்துச் சொல்கிறாள். அம்மாவுக்கு ஆளுமைப் பொருத்தம் இல்லை என்பதையும் அவள்தான் படித்தாள், அலட்டிக்கொள்ளாமல், பாடப் புத்தகத்தைப் படிப்பது போல. நான் எழுதிய மறுப்புக் கடிதத்தைத் திருத்தித் தரச் சொன்னேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் வாக்கியங்களைப் பார்த்தாள். மவுஸ் பக்கம் கையை நீட்டினாள், தொடவில்லை. அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு, "டார்ஃப் இஷ்?" என்றாள். எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறாள். பெற்ற அம்மாவிடம்.

"எடுத்துக்கடி, இதுக்கெல்லாம் எதுக்குக் கேக்குற," என்றேன்.

"கேக்கணும்மா," என்றாள். நான் கையை எடுக்கிற வரைக்கும் அவள் கை அப்படியே நின்றது.

அது மரியாதையா, என்னிடமிருந்து அவள் போய்விட்ட தூரமா, எனக்குத் தெரியவில்லை. இதில் எது என்றாலும் எனக்குப் பிடிக்கவில்லை. என் கடிதத்தில் பாதிக்கு மேல் அழித்துவிட்டு, சரவணன் எழுதுகிற மாதிரி ஒன்றை எழுதித் தந்தாள். அதை இன்னும் அனுப்பவில்லை.

7

எனக்குச் சாட்சி வேண்டும். முத்துலட்சுமி இருக்கிறாளே என்று தோன்றியது. அவள் இப்போது திருமங்கலத்தில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறாள், பஸ் ஸ்டாண்டுப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டேன். அங்கே மதியச் சாப்பாடு முடிந்த நேரம். எல்லாவற்றையும் சொன்னேன். சரவணனை நன்றாகத் திட்டினேன். அவள் வழக்கம் போலப் பேசாமல் கேட்டாள்.

"ஒரு காகிதம் எழுதிக் குடு முத்து. நம்ம கடையில மவுஸப் புடுங்குறது வழக்கந்தான்னு. உன் கடை சீலு போட்டுக் குடு."

"எழுதித் தாரேன்க்கா. ஆனா என்னன்னு எழுதட்டும்?"

"என்னன்னு எழுதட்டும்னா? நடந்ததத்தான்."

"நடந்தது என்னன்னா, நீங்க புடுங்குனீங்க. ஓனரு அண்ணன் புடுங்குவாரு. நான் யாருட்டயும் புடுங்குனதில்ல. சரவணனும் புடுங்குனதில்ல."

"அது ஒரு வெளையாட்டு முத்து. எல்லாருந்தான் சிரிச்சோம்."

"நீங்க சிரிச்சீங்கக்கா. கோவிச்சுக்கிறாதீங்க. நான் எதுக்கு ஸ்கேல வச்சு அளந்தேன்னு நெனைக்கிறீங்க? கம்ப்யூட்டர்ல அளக்கத் தெரியாமயா? மவுஸத் தொட்டா நீங்க புடுங்கிருவீங்க. ஸ்கேல யாரும் புடுங்க மாட்டாக."



"அப்பயே சொல்லியிருக்கலாம்ல நீ?"

"சொன்னா நீங்க தப்பு எம் மேலதான்னு சொல்லிருவீங்க. டீ வந்துரும். அதுக்கப்புறம் நான் எங்கிட்டுப் பேச?"

கடையில் யாரோ வந்துவிட்டார்கள். "ரெண்டு நாள்ல எழுதி அனுப்புறேன்க்கா. உள்ளத எழுதுறேன்," என்று வைத்துவிட்டாள்.

அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

8

ஆகவே இப்போது கேட்கிறேன். சரவணா, உன்னைத்தான்.

இந்த இதழ் பரவையில் உன் அம்மா வீட்டுக்கும் வருகிறது. இங்கே எனக்கு மூன்று மேஜை தள்ளித்தான் நீ உட்காருகிறாய், ஆனால் நேரில் வந்து கேட்டால் நீ சிரித்துக்கொண்டே காபி எடுத்து வருவாய். எனக்கு அது வேண்டாம். நம் தொழிலில் உள்ள எல்லோரும் படிக்கிற இடத்தில் கேட்கிறேன், எல்லோரும் படிக்கிற இடத்தில் பதில் சொல்.

எங்கள் ஊரில் அப்படிச் செய்வதில்லை என்றாயே, ஊர் என்று யாரைச் சொன்னாய்? ஓனர் அண்ணன் செய்தார். நான் செய்தேன். உன் கையிலிருந்தே பிடுங்கினேன். விளாங்குடி உன் ஊர் இல்லையா? பழக்கம் என்று ஒத்துக்கொண்டால் உன்னையும் அதே கூட்டத்தில் சேர்த்துவிடுவார்கள், பச்சை வட்டம் போய்விடும் என்று பயந்தாய். உனக்கும் அனுமதி வேலையில்தான் தொங்குகிறது என்று எனக்குத் தெரியாதா? பயந்தேன் என்று சொல். அதை என்னால் புரிந்துகொள்ள முடியும்.

இல்லை, பயம் இல்லை, அந்த ஐந்து வருஷமும் உனக்கு வலித்தது, டோபியாஸ் எழுதிய அந்த ஒன்றரைப் பக்கத்தை நீ எப்போதோ எழுதியிருக்க வேண்டும் என்றால், அதையும் எழுது. அக்கா என் கையிலிருந்து பிடுங்கினாள், எனக்கு அசிங்கமாக இருந்தது என்று எழுது. அது என்னைப் பற்றிய உண்மை, நான் தாங்கிக்கொள்கிறேன். ஊர் பெயரைச் சொல்லி அதை மறைக்காதே.

தமிழில் எழுது. உன் பெயரைப் போட்டு எழுது. மாதக் கடைசிக்குள் எழுது. நீ எழுதுவது எனக்கு எதிராக இருந்தாலும், என் மகளை வைத்து மொழிபெயர்த்து, முத்துலட்சுமி அனுப்பும் காகிதத்தோடு சேர்த்து பிர்கிட் மேஜையில் நானே கொண்டுபோய் வைப்பேன். நான் வேலையை விட்டுப் போகத்தான் வேண்டும் என்றால், நடந்தது இன்னது என்று எழுதிய காகிதத்தின் மேல்தான் போவேன். உன் ஒற்றை வாக்கியத்தின் மேல் போக மாட்டேன்.

நம் கடையில் மவுஸைப் பிடுங்கினார்களா, இல்லையா? உனக்கு வலித்ததா, இல்லையா? இரண்டே கேள்வி. இதில் எந்தப் பதில் யாருக்குப் பிடிக்கும் என்று பார்க்காதே. நல்லவனாக இருப்பதை ஒரே ஒரு நாள் நிறுத்திவிட்டுப் பதில் சொல்.